சென்னைத் தொலைக்காட்சி நிலையம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தமிழ்நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம். தூர்தர்ஷன் அமைப்பைச் சேர்ந்த இது சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. இதன் வரலாற்றில் ஒரு முரண் தொடர்ந்து வருகிறது. தமிழுக்கு நேரம் தாராளமாக இருந்தபோது நிலையம் எட்டிய பரப்பு சிறியது. மாநிலம் முழுக்க எட்டத் தொடங்கியபோது தமிழுக்கான நேரம் சுருங்கியது. நாள் முழுவதும் தமிழ் என்றானபோது பார்வையாளர்கள் வேறு அலைவரிசைகளுக்குப் போயிருந்தார்கள்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. மும்பைக்கு 1972இல்தான் வந்தது. கொல்கத்தா நிலையம் 1975 ஆகஸ்ட் 9 அன்றும் சென்னை நிலையம் ஆறு நாள் கழித்தும் திறக்கப்பட்டன. நாட்டில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்த மாதங்கள் அவை. அப்போது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1 முதல்தான் தூர்தர்ஷன் தனித் துறையானது. தொடக்க கால நிகழ்ச்சிகளில் வானொலியின் சாயல் நன்றாகவே தெரியும்: நிதானமான பேச்சு, திருத்தமான உச்சரிப்பு, நேர்காணல், உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’.

முதல் ஆண்டுகளில் மாலையில் சில மணி நேரம் மட்டும் கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு. சென்னையும் அதைச் சுற்றிய ஊர்களுமே அதன் எல்லை. பெட்டி வைத்திருந்தவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சாலிடேர், டயனோரா ஆகிய சென்னை நிறுவனங்களின் பெட்டிகள் ஒரு தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில் இருக்கும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ திரைப்பாடல்களுக்கும் வார இறுதித் தமிழ்ப் படத்துக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். படம் நடுவில் அறுந்தால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வரும். பாட்டு பாதியில் நின்ற வருத்தத்தோடு, அட்டை எப்போது விலகும் என்று எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செய்திப் பிரிவு இந்த நிலையம் தமிழுக்குத் தந்த பெருங்கொடை. ஷோபனா ரவியும் கவிஞர் ஈரோடு தமிழன்பனும் செய்தி வாசித்தவர்கள். கையில் தாளை வைத்துக்கொண்டு, அவ்வப்போது நிமிர்ந்து பார்த்து, ழகரமும் ளகரமும் பிறழாமல் வாசித்த அந்த முறை ஒரு தலைமுறைக்கே பேச்சுத் தமிழின் அளவுகோலாக இருந்தது. இன்றைய செய்தி அலைவரிசைகளின் இரைச்சலில் அதன் அருமை இன்னும் கூடித் தெரிகிறது. பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’யையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் அரசு நிறுவனம் குறை சொன்ன கடிதத்தையும் திரையிலேயே படித்து விளக்கம் தந்தது சிறிய செய்தி அல்ல.

சென்னை அலை எட்டாத தென்மாவட்டக் கடலோரத்தில் கதை வேறு. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கியபின், உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து அதைத்தான் அங்கே பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் அமைந்த உயர்சக்தி ஒளிபரப்பி சென்னை நிகழ்ச்சிகளைத் தெற்கே கொண்டுபோனது. பின்னர் ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரமும் எழுந்தது.

1982 ஆகஸ்ட் 15 அன்று செயற்கைக்கோள் வழியே தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி பல வீடுகளுக்கு வண்ணப் பெட்டியைக் கொண்டுவந்தது. 1986 செப்டம்பரில், நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி ‘டை’ ஆன டெஸ்டை நாடே பார்த்தது. இதற்கெல்லாம் ஒரு விலையும் இருந்தது. இரவு எட்டரை மணியைத் தாண்டினால் திரை தில்லி வசமானது. மாலைப் பொழுதின் பொன்னான நேரம் இந்திச் செய்திக்கும் தொடர்களுக்கும் போய்விட, தமிழ் நாடகமும் பாட்டும் அதற்கு முந்தைய இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டன. இந்தி அறியாத பெரும்பான்மையினரைக் கொண்ட மாநிலத்தில் இது நியாயமான ஏற்பாடு அல்ல.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. கேபிள் இணைப்பு கிடைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடம் மாறின. தூர்தர்ஷனும் தமிழுக்கென்று தனிச் செயற்கைக்கோள் அலைவரிசை தொடங்கி, பின்னர் அதற்குப் ‘பொதிகை’ என்று பெயர் வைத்தது. 1997 நவம்பர் முதல் நிர்வாகம் பிரசார் பாரதியிடம் உள்ளது. வணிக அலைவரிசைகள் தொடத் தயங்கும் கர்நாடக இசைக் கச்சேரி, நாட்டுப்புறக் கலை, வேளாண்மை ஆகியவற்றைப் பொதிகை விடாமல் ஒளிபரப்பியது. ஒளிநாடா பற்றாக்குறையால் பழைய பதிவுகளை அழித்து அதே நாடாவில் புதிதாகப் பதிவு செய்யும் வழக்கம் தூர்தர்ஷனில் இருந்தது. அப்படி அழிந்த பதிவுகளை இனி மீட்க வழியில்லை. எஞ்சியவற்றில் மூத்த வித்வான்களின் கச்சேரிகள் சில யூடியூபில் வெளியிடப்பட்டுள்ளன.

2024 ஜனவரி 19 அன்று சென்னைக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி, புதுப்பிக்கப்பட்ட அலைவரிசையை ‘டிடி தமிழ்’ என்ற பெயரில் தொடங்கிவைத்தார். மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியாகவும் அது கிடைக்கிறது.