தோலாவும் கிராமும்: ஜகாத்தின் அளவுகோல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுகள் இன்று கிராமில் நிறுக்கப்படுகின்றன. ஆயினும் ஜகாத்தின் நிஸாபை நம்மில் பலர் இன்னும் தோலாவிலேயே நினைவில் வைத்துள்ளோம்: தங்கம் ஏழரைத் தோலா, வெள்ளி ஐம்பத்திரண்டரைத் தோலா. அந்தத் தோலாவின் எடை என்ன?

ஷரீஅத்தில் நிஸாப் என்பது தங்கத்திற்கு 20 மிஸ்கால், வெள்ளிக்கு 200 திர்ஹம். இந்திய ஹனஃபி உலமாக்கள் அதனை இந்நாட்டில் வழங்கிய தோலாவில் கணித்துத் தந்தனர்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், நாமக்கல் பகுதிகள் கும்பினியாரின் கைக்குச் சென்றன. ஆங்கிலேய அளவைகளும் உடன் வந்தன. 1835-இல் கும்பினி ஆட்சி முழுமைக்கும் பொதுவாக வெளியிடப்பட்ட வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன். ஒரு தோலாவும் அதுவே. 7000 கிரெய்ன் கொண்டது ஒரு பவுண்டு.

இதே காலத்தில் பிரான்சில் தோன்றிய மெட்ரிக் முறை உலகெங்கும் பரவிற்று. 1889-இல் பாரிஸ் அருகே வைக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராமின் மூலம் ஆயிற்று. 2019 முதல், மாறாத இயற்கை அளவான பிளாங்க் மாறிலியைக் கொண்டு அது வரையறுக்கப்படுகிறது. இந்தியா 1956-இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. 1959-இல் ஆங்கிலேயப் பவுண்டே 0.45359237 கிலோகிராம் என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே பழைய தோலாவும் இன்று கிராமைச் சார்ந்தே நிற்கிறது: 11.664 கிராம்.

இதன்படி தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், எட்டு கிராம் பவுனில் ஏறத்தாழ 11 பவுன். வெள்ளியின் நிஸாப் 612.36 கிராம்.

சந்தைகளில் 10 கிராமையும் தோலா என்று சொல்வதுண்டு. அதனைக் கொண்டு கணக்கிட்டால் வெள்ளியின் நிஸாப் 525 கிராமாகக் குறைந்துவிடும். வேறு சொத்தோ சேமிப்போ இல்லாமல், 550 கிராம் வெள்ளி மட்டும் வைத்திருக்கும் ஓர் ஏழை விதவையை எண்ணிப் பாருங்கள். தவறான தோலா அவரைச் செல்வந்தராக்கி, ஜகாத் பெறும் உரிமையையே பறித்துவிடும்.

அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்கவே 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்னும் அத்தியாயம் அருளப்பெற்றது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு இதனையே போதித்தார்கள். தராசு கடைக்காரருக்கு மட்டும் உரிய அமானிதமன்று. ஜகாத்தைக் கணக்கிடும் ஒவ்வொருவரின் கையிலும் அது உள்ளது. எனவே நிஸாபைக் கிராமில் குறித்து வைப்போம்; ஐயம் எழுந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம்.

நீதியுடன் நிறுக்கும் நல்லோரில் அல்லாஹ் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.