ஃபிரிட்ஜில் பனி அடைத்தல்

ஃப்ரீசரின் சுவர்களிலும் குளிர்விக்கும் குழாய்களிலும் உறைபனி அளவுக்கு மீறிச் சேர்வதையும், கீழ்த்தட்டில் வைத்த காய்கறியும் பாலும் கட்டியாக உறைவதையும் வீடுகளில் 'ஐஸ் பிடிக்கிறது' என்ற ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறார்கள். இவை வெவ்வேறு கோளாறுகள். முதலாவது, உள்ளே புகும் ஈரம் வெளியேறாததால் வருவது. இரண்டாவது, குளிரைக் கட்டுப்படுத்தும் பாகம் கெடுவதால் வருவது. பனி எந்த இடத்தில், எந்த வடிவில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

ஈரத்தின் கணக்கு

30 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். ஃப்ரீசரின் வழக்கமான −18 டிகிரியில் அதே அளவு காற்று தாங்குவது ஒரு கிராம் சொச்சமே. கதவைத் திறக்கும்போது உள்ளே போகும் ஈரம், இருப்பதிலேயே அதிகக் குளிர்ச்சியான இடமான எவாப்பரேட்டர் என்ற குளிர்விக்கும் பாகத்தில் போய்ப் பனியாகப் படிகிறது. ஆறாத குழம்பும் மூடாத பாத்திரமும் தம் பங்குக்கு ஈரம் சேர்க்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஐஸ் அதிகமாக இருந்தால் குளிர்ச்சியும் அதிகம் என்று நினைப்பது தவறு. பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. குழாயைப் பனி மூடிவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கீழே வைத்த பால் திரியும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்

'டைரக்ட் கூல்' எனப்படும் இந்த வகையில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே எவாப்பரேட்டர். இதில் பனி சேர்வது பழுதல்ல, இயல்பு. அரை சென்டிமீட்டர் தடிமனை எட்டும்போது, தெர்மோஸ்டாட் திருகின் நடுவிலுள்ள டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் கம்ப்ரசர் நிற்கும். பனி உருகியதும் பொத்தான் தானே விடுபடும். சில நாட்களிலேயே திரும்பவும் பனி மண்டினால் கதவு ரப்பரான கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். தடையின்றி வந்துவிடும் இடத்தில்தான் காற்று நுழைகிறது. ரப்பரில் ஒட்டிய அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பதே பல வேளைகளில் போதும்.

பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் குளிர்விக்கும் கேஸ் ஓடுகிறது. ஒரு துளை விழுந்தால் பெட்டியையே மாற்றும் செலவு வந்து நிற்கும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ்

இங்கே எவாப்பரேட்டர் குழாய் ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒரு மின்விசிறி அதன் குளிரை மேலும் கீழும் தள்ளுகிறது. பழைய மாடல்களில் டைமரும், புதியவற்றில் கண்ட்ரோல் போர்டும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசரை நிறுத்தி, குழாயடியில் உள்ள ஹீட்டரை ஓட்டிப் பனியை உருக்குகின்றன. உருகிய நீர் வடிகால் துளை வழியே கம்ப்ரசர் அருகிலுள்ள தட்டில் விழுந்து ஆவியாகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றே: மேலே குளிர் இருக்கும், கீழே இருக்காது, பின்பலகையில் வெள்ளை பூக்கும், விசிறி ஐஸில் உரசி 'டர்ர்' என்று சத்தம் போடும்.

இதைக் கண்டதும் 'கேஸ் போயிடுச்சு' என்று சொல்லும் மெக்கானிக் உண்டு. ஒப்புக்கொள்ளும் முன் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்வது நல்லது. குழாய் முழுதும் சீராகப் பனி மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் கோளாறு. கேஸ் குறைந்திருந்தால் கேஸ் நுழையும் முனையில் மட்டும் பனி நின்று, மீதிக் குழாய் வெறுமையாக இருக்கும். பலகையைக் கழற்றாமலும் ஒரு சோதனை செய்யலாம். பொருட்களை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு நாள் முழுதும் ஃபிரிட்ஜை அணைத்து வைக்க வேண்டும். மீண்டும் போட்டதும் சில நாட்கள் புதிது போல ஓடிப் பிறகு பழைய நிலைக்கு வந்தால், கேஸில் குறையில்லை. ஹீட்டர் சுற்றையே சோதிக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் ஹீட்டரை அளக்கலாம். 230 வோல்ட், 200 வாட் ஹீட்டர் சுமார் 265 ஓம் காட்ட வேண்டும். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அடுத்தது தெர்மல் ஃபியூஸ். இது ஒரு முறை போனால் மாற்றத்தான் வேண்டும். பைமெட்டல் சுவிட்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது உறைகுளிரில் மட்டுமே மின்சாரத்தை விடும், சூடேறியதும் துண்டிக்கும். அறை வெப்பத்தில் அளந்தால் நல்ல பைமெட்டலும் கெட்டது போலத் தெரியும். ஐஸில் நன்றாகக் குளிரவைத்த பின்பே அளக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் மிஞ்சுவது டைமர் அல்லது சென்சாரும் போர்டும்.

ஃப்ரீசரின் தரையில் கண்ணாடிப் பலகை போல ஐஸ் படிந்து, காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்துப் பீய்ச்சினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

கீழ்த்தட்டில் உறைந்தால்

அங்கே 4 டிகிரியை ஒட்டிய குளிர் போதும். வெள்ளரியும் கொத்தமல்லியும் கண்ணாடியாக உறைந்தால் முதலில் திருகைப் பார்க்க வேண்டும். எண் போட்ட திருகில் பெரிய எண்ணுக்கு அதிகக் குளிர். டிகிரி காட்டும் டிஜிட்டல் பலகையில் சிறிய எண்ணுக்கு. பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாறிய வீடுகளில் இந்தக் குழப்பம் சகஜம். திருகு சரியாக இருந்தால், குளிர்காற்று வரும் வாயில் பொருள் ஒட்டி நிற்கிறதா என்றும், காற்றைக் கட்டுப்படுத்தும் டேம்பர் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டைரக்ட் கூல் வகையில் எவாப்பரேட்டரோடு பிணைத்த தெர்மோஸ்டாட் உணர்குழாய் நழுவினால் கம்ப்ரசருக்கு நிற்க வேண்டிய நேரம் தெரியாது; முட்டை வெடிக்கும் அளவுக்குக் குளிர் ஏறும்.

கேஸ் சுற்றைத் திறக்க வேண்டிய நிலை வந்தால் அது வீட்டு வேலையல்ல. இப்போதைய பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. எந்த கேஸ் என்பது கம்ப்ரசர் மீதுள்ள லேபிளில் அச்சாகியிருக்கும்.