87 ஆண்டு நின்ற ஆடிட் ஆட்சேபணை

சாய்வு கணக்கிட இரண்டு புள்ளிகள் வேண்டும். அப்படியானால் வளைவரையில் ஒரே ஒரு புள்ளியில் சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் இதற்குப் பொதுவான வழி வகுத்தார்கள். வர்க்கங்களின் வளைவரையை எடுத்துக்கொள்வோம்: 3-க்கு 9, 4-க்கு 16. சரியாக 3-ல் சாய்வு என்ன? பக்கத்தில் 3.1-ஐ எடுத்தால் உயர்வு 0.61; அதை 0.1-ஆல் வகுத்தால் 6.1. அடுத்து 3.01-ஐ எடுத்தால் 6.01. பிறகு 3.001-க்கு 6.001. இடைவெளி எவ்வளவோ, 6-க்கு மேல் மிச்சமும் அவ்வளவே. அந்த மிச்சத்தைத் தள்ளிவிட்டு, விடை 6 என்றார்கள்.

1734-ல் அயர்லாந்து ஆயர் ஜார்ஜ் பெர்க்லி ‘தி அனலிஸ்ட்’ என்ற நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். வகுக்கும்போது இடைவெளி பூஜ்யமில்லை. தள்ளும்போது மட்டும் பூஜ்யமா என்பதே அவர் ஆட்சேபணை. லெட்ஜரில் ஒரே தொகையை ஓரிடத்தில் உண்டு என்றும் மற்றோரிடத்தில் இல்லை என்றும் காட்டினால் எந்த ஆடிட்டர் விடுவார்? விடை சரிதான், வவுச்சர்தான் இல்லை.

பலர் பதில் சொல்ல முயன்றார்கள். 1821-ல் பிரான்சின் கோஷி தம் பாடநூலில் ‘எல்லை’ என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். இடைவெளியைப் பூஜ்யமாக்கவே வேண்டாம். அது சுருங்கச் சுருங்க, சாய்வு எந்த எண்ணை வேண்டிய அளவு நெருங்குகிறதோ, அதுவே விடை. பின்னர் ஜெர்மனியின் வையர்ஸ்ட்ராஸ் இதை மேலும் துல்லியமாக்கினார்.

நம் குடியிருப்பின் பிளஸ் ஒன் பிள்ளைகள் இதே சந்தேகத்தைக் கேட்டால், ஃபார்முலாவை மனப்பாடம் செய் என்று அடக்கிவிடாதீர்கள். முறையான பதிலுக்காக 87 ஆண்டு காத்திருந்த கேள்வி அது.