அணைந்துவரும் தீப்பெட்டி ஆபீஸ்கள்

பிளவக்கல் அணை நீரால் நெல் விளையும் வத்திராயிருப்பிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் வறண்டுகொண்டே போகும். சிவகாசி, சாத்தூர், அப்பால் கோவில்பட்டி என யாவும் மழையை நம்பிய ஊர்கள். அந்த வறட்சியே தீப்பெட்டித் தொழிலை வளர்த்த செவிலித்தாய். இவ்வட்டாரத்தார் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பதே வழக்கு.

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றனர். மறு ஆண்டே ஊரில் தொழில் பிறந்தது. அதே 1923இல்தான் சுவீடன் நாட்டு முதலாளிகளும் விம்கோ நிறுவனத்தை இந்தியாவில் தொடங்கினர். ஒரு பக்கம் பெரும் இயந்திரங்கள். மறுபக்கம் ஏழைப் பெண்களின் விரல்கள். விரல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் தோற்காமல் நின்றதுதான் வியப்பு!

சட்டத்தில் குச்சி அடுக்குவது, மெழுகிலும் மருந்திலும் முக்குவது, பெட்டியில் நிரப்புவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் கைவேலை. பெட்டி ஒட்டும் வேலையோ வீடுகளுக்கே வந்தது. 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில் கூலி. வெளியே வேலைக்குச் செல்லும் வழக்கமில்லாத குடும்பத்துப் பெண்களுக்கும், துணையை இழந்தோருக்கும் திண்ணையிலிருந்தபடியே அடுப்பெரிய வழி செய்தது இது. குறைந்த கூலிதான், ஆயினும் கைக்கு வந்த காசு.

கைத்தொழிலைக் காத்தது கூலிக் குறைவு மட்டுமன்று. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. விடுதலைக்குப் பின் சிறு உற்பத்தியாளருக்கு அவ்வரியில் அரசு சலுகை காட்டியது. அந்த வேலியே பெரும் நிறுவனத்தைத் தள்ளி நிறுத்திற்று.

இத்தொழிலின் கறையை மறைத்தல் நேர்மையாகாது. விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து நின்ற வண்டிகளில் பெண்களோடு சிறுவர் சிறுமியரும் ஏறிச் சென்றனர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளி சென்றது நல்லதே. அவர்கள் கூலியை ஈடுசெய்யத் தாய்மார் கூலி உயர்ந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பின்னர் உள்ளூர் முதலாளிகளே இயந்திரம் வாங்கினர். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்றிருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவீதம் என்றாயிற்று. வேலி சாய்ந்தது. 2007இல் ஒரு ரூபாயான பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மெழுகு, அட்டை, குச்சி எதன் விலை நின்றது? போதாக்குறைக்கு மலிவான லைட்டர்கள் வந்து குவிந்தன. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதியை 2023இல் அரசு தடுத்தபோது, சிறு ஆபீஸ்கள் பல பூட்டியாகிவிட்டன.

குச்சி அடுக்கிய கைகளுள் பல இப்போது பட்டாசு ஆலைகளில் வேலை செய்கின்றன. அங்கே கூலி அதிகம். வெடிவிபத்துச் செய்தி வராத ஆண்டும் இல்லை.