தண்டலம் வழியா போன பீரு

போன மாசம் எங்க கம்பெனி பசங்க நாலு பேரு பெங்களூர் போயிட்டு வந்தாங்க. அங்க கடையிலேயே பீர் காய்ச்சி ஊத்துற இடம் ஒண்ணுல உட்கார்ந்திருக்காங்க. மெனு கார்டுல 'இந்தியா பேல் ஏல்'னு போட்டிருந்துச்சாம். ஒருத்தன் திங்கக்கிழமை கேன்டீன்ல என்கிட்ட கேட்டான்: "அண்ணே, நீங்கதான் பழைய கதையெல்லாம் நோண்டுவீங்களே... இது நம்ம ஊர் பீரா? பேருல இந்தியா இருக்கு, குடிச்சா வேப்பங்கொழுந்து மாதிரி கசக்குது!"

ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. டீ பிரேக் பத்து நிமிஷம்தான். அதான் இங்க எழுதறேன்.

முதல்ல எல்லாரும் சொல்ற கதை. இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்குக் கப்பல்ல வந்த பீரெல்லாம் வழியிலேயே கெட்டுப் போச்சாம். லண்டன்ல ஜார்ஜ் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் மண்டையைக் குடைஞ்சு, ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் கூட்டிப் போட்டு ஒரு புது பீர் கண்டுபிடிச்சாராம். அது கெடாம வந்து சேர்ந்துச்சாம். சுபம். பாட்டில் லேபிள்ல அச்சடிக்க நல்லா இருக்கு. ஆனா முக்கால்வாசி கப்ஸா.

எங்க கப்ஸான்னு பாக்கறதுக்கு முன்னாடி, இதை எப்படிக் காய்ச்சறாங்கன்னு தெரியணும். 2014ல வேலை விஷயமா ஆறு மாசம் பர்மிங்காம்ல இருந்தேன். கூட தங்கியிருந்த மதுரைக்காரர் வீட்லயே பீர் காய்ச்சுவார். (அங்க 1963ல இருந்து அதுக்கு லைசென்ஸ் வேணாம்.) ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என்னை எழுப்பி, "தம்பி, கரண்டியைப் பிடி"ன்னுட்டார்.

முளைகட்டிக் காயவச்ச பார்லியை உடைச்சு, 67 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறப் போட்டார். மாவுச்சத்து சர்க்கரையா மாறி, வடிகட்டினா இனிப்பா ஒரு கஞ்சித்தண்ணி. அதை இருபது லிட்டர் கிடைக்கிற மாதிரி பெரிய அண்டாவுல கொதிக்க விட்டார். கொதி வந்ததும் முதல் பங்கு ஹாப்ஸ். பச்சையா, குட்டிப் பைன் காய் மாதிரி இருக்கிற பூ அது. (கஞ்சாச் செடிக்கு ஒண்ணுவிட்ட பங்காளி. போதை கிடையாது, வாயைப் பொளக்காதீங்க.) ஒரு மணி நேரம் கொதிக்கணும். ஹாப்ஸ்ல இருக்கிற ஆல்ஃபா அமிலம் சூட்டுல உருமாறினாத்தான் தண்ணியில கரையும், கசப்பு ஏறும். ஆனா அவ்வளவு நேரம் கொதிச்சா வாசனை ஆவியாப் போயிடும். அதனால கடைசிப் பத்து நிமிஷத்துல ரெண்டாவது பங்கு, அடுப்பை அணைச்சதும் மூணாவது பங்கு. நான் ஒரு நிமிஷம் செல்போனைப் பார்த்தேன், பால் மாதிரி பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. அன்னிக்குப் பூரா அடுப்பு துடைச்ச கதை தனி.

அப்புறம் சீக்கிரமா 20 டிகிரிக்கு ஆறவச்சு, ஈஸ்ட் போட்டு, காத்து வெளியே மட்டும் போற மூடி மாட்டி, மூலையில வச்சார். மறுநாள் 'குளுக் குளுக்'னு சத்தம். 18லேர்ந்து 20 டிகிரிக்குள்ள பத்து நாள் இருந்துச்சு. ஹைட்ரோமீட்டர்ல 1.058ல ஆரம்பிச்சது 1.012ல வந்து நின்னுச்சு. கணக்குப் போட்டா சுமார் 6 சதவீதம். அதுக்கு மேலதான் விசேஷம்: கொதிக்காத ஹாப்ஸ் அறுபது கிராம் அப்படியே உள்ள போட்டு, நாலு நாள் சும்மா விட்டார். இதுக்குப் பேரு 'ட்ரை ஹாப்பிங்'. சூடு படாததால கசப்பு பெருசா ஏறாது, வாசனை மட்டும் இறங்கும். மூடியைத் திறந்தப்போ நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசம். இன்னும் மறக்கல.

ஹாப்ஸ் வாசனைக்கு மட்டும் இல்ல. அதோட கசப்பு, பீரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் பாக்டீரியாவை அடக்கும், ஈஸ்ட்டை ஒண்ணும் பண்ணாது. மதுரைக்காரர் இதைச் சொன்னப்போ எனக்கு எங்க அம்மா வழித் தாத்தா ஞாபகம் வந்துச்சு. அவர் பனையேறி. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிக் கட்டினா பதநீர், தடவாம கட்டினா கள். சுண்ணாம்பு ஈஸ்ட்டையே வேலை செய்ய விடாது. ஹாப்ஸ் ஈஸ்ட்டை விட்டுட்டு, அதுக்கு அப்புறம் வர்ற புளிப்பை மட்டும் நிறுத்தும். கள்ளுக்கு அப்படி ஒரு காவல் இல்ல. காலையில இறக்கினது சாயங்காலம் புளிக்கும், அடுத்த நாள் காடிதான். அதனால கள் மரத்தை விட்டு ரொம்ப தூரம் போனதே இல்ல. கடல் தாண்டிப் போற சரக்கா பீர் ஆனதுக்கு இந்தப் பூவும் ஒரு காரணம்.

சரி, கப்ஸாவுக்கு வருவோம். ஹாட்ஜ்சன் பௌ என்கிற இடத்துல ப்ரூவரி ஆரம்பிச்சது 1752ல. சூடான நாட்டுக்கு அனுப்பற பீர்ல ஹாப்ஸ் தூக்கலாப் போடணும்கிறது 1760கள்லயே இங்கிலாந்துல தெரிஞ்ச சங்கதி. அவர் கண்டுபிடிச்சதுன்னு சொல்ல ஆதாரம் ஒண்ணும் கிடையாது. அதோட, வெளிர் பீர் மட்டும்தான் இந்தியா வரைக்கும் தாங்குச்சுங்கிறதும் பொய். கறுப்பு பீரான போர்ட்டரும் கப்பல் கப்பலா வந்துச்சு, நல்லாவேதான் இருந்துச்சு. 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்'ங்கிற பேரு விளம்பரங்கள்ல பரவினதே 1830கள்லதான்.

அப்போ ஹாட்ஜ்சன் எப்படி ஜெயிச்சார்? ரெண்டே காரணம். ஒண்ணு, அவர் ப்ரூவரி இருந்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிக்கிற பிளாக்வால் பக்கத்துலயே இருந்துச்சு. ரெண்டாவது, கடன். கப்பல் கேப்டன்களுக்குத் தன் சொந்தக் கணக்குல கொஞ்சம் சரக்கு ஏத்திட்டுப் போய் வித்துக்கிற உரிமை உண்டு. ஹாட்ஜ்சன் வீட்டார் அவங்களுக்குப் பதினெட்டு மாசம் வரைக்கும் கடன் கொடுத்தாங்க. போய், வித்து, திரும்பி வந்து காசு கொடுத்தா போதும். நம்ம தெரு மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டு மாதிரிதான். எந்த கேப்டன் வேண்டாம்னு சொல்லுவான்?

மிச்ச வேலையைக் கடல் பார்த்துக்கிச்சு. சூயஸ் கால்வாய் 1869லதான் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு நாலஞ்சு மாசத்துக்கு மேல ஆகும், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். பீப்பாயை மூடறப்போ உள்ள போட்ட ஹாப்ஸ் (மதுரைக்காரரோட அறுபது கிராமுக்குப் பாட்டன்!) ஊறிக்கிட்டே வரும். மரத்துல ஒட்டியிருக்கிற வேறொரு ஈஸ்ட் மிச்ச சர்க்கரையை மெதுவாத் தின்னும். அந்த ஈஸ்ட்டை 1904ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்துல கிளாசென் அடையாளம் கண்டு 'பிரெட்டனோமைசிஸ்'னு பேரு வச்சார். இங்கிலாந்துல ஒரு வருஷத்துக்கு மேல நிலவறையில கிடந்து பக்குவமாகிற பீர், சூட்டுலயும் குலுக்கல்லயும் சில மாசத்துல பக்குவமாகி மெட்ராஸ் வந்து இறங்குச்சு. இந்த பீருக்கு ஒருத்தரைக் காரணம் காட்டணும்னா, நான் ஹாட்ஜ்சனை இல்ல, அந்தப் பயணத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்த தலைமுறைக்குப் பேராசை. 1820 வாக்குல கேப்டன்களுக்கான கடனை நிறுத்தி, விலையை ஏத்தி, தாங்களே கப்பல்ல அனுப்ப ஆரம்பிச்சாங்க. கம்பெனி ஆளுங்க சும்மா இருப்பாங்களா? 1822ல கேம்ப்பெல் மார்ஜோரிபாங்ஸ்ங்கிற கம்பெனி டைரக்டர், பர்ட்டன் ஊர் ப்ரூவர் சாமுவேல் ஆல்சப்பைக் கூப்பிட்டு, 'இதே மாதிரி உன்னால முடியுமா'ன்னு கேட்டார். பர்ட்டன்காரங்க இனிப்பு பீரை ரஷ்யாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்தவங்க. அங்க வரியை ஏத்தினதுல வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். ஆல்சப்கிட்ட இருந்த ஜாப் குட்ஹெட், முதல் சாம்பிளை டீ போடற பாத்திரத்துல காய்ச்சிப் பார்த்தார்னு ஒரு கதை உண்டு. பர்ட்டன் தண்ணியில ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸ் கசப்பைப் பளிச்சுனு காட்டும். ஆல்சப்பும், பின்னாலயே வந்த பாஸ் கம்பெனியும் கொஞ்ச வருஷத்துல ஹாட்ஜ்சனை ஓரங்கட்டிட்டாங்க.

இப்போ நம்ம கரைக்கு வருவோம். வெள்ளைக்காரன் எழுதற பீர் வரலாறெல்லாம் கப்பல் கிளம்பறதோட முடிஞ்சிடும். எனக்கு அதுக்கு அப்புறம்தான் ஆர்வம்.

மெட்ராஸ்ல அப்போ துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கினது நம்ம கடலோரத்து ஆளுங்க, மசூலாப் படகுல. அதுல ஆணியே கிடையாது, பலகையைத் தென்னங்கயிறு போட்டுத் தைச்சிருப்பாங்க. அலை அடிச்சா உடையாம வளைஞ்சு கொடுக்கும். முன்னாடி துடுப்புக்காரங்க, பின்னாடி தண்டல். ஒரு ஹாக்ஸ்ஹெட் பீப்பாய் 54 கேலன், ஏறக்குறைய 245 லிட்டர், கால் டன். அலையில ஆடற படகுல அதை இறக்கறது லேசுப்பட்ட வேலையா? 1881ல அடிச்ச புயல், அரைகுறையாக் கட்டின துறைமுகத்தையே நாசம் பண்ணிச்சு. அப்படிப்பட்ட கடல்.

அங்கேருந்து மாட்டு வண்டி. ராயபுரத்துல இருந்து ஆற்காட்டுப் பக்கம் ரயில் விட்டது 1856 ஜூலை 1ல. அதுக்கு முன்னாடி பூந்தமல்லி கண்டோன்மெண்டுக்கோ, ஆற்காட்டுக்கோ, பெங்களூருக்கோ சரக்கு போகணும்னா மேற்கு ரோடுதான். பூந்தமல்லி, தண்டலம், ஸ்ரீபெரும்புதூர்னு, இன்னிக்கு எங்க ஷிப்ட் பஸ் போற அதே தடம். இந்தக் கசப்பு பீர் பீப்பாய்களும் எங்க ஊர் ஏரிக்கரை ஓரமா ஆடி ஆடித்தான் போயிருக்கணும். வண்டிக்காரர் ஒரு சொட்டு ருசி பார்த்திருப்பாரா? சந்தேகம்தான். ஏன்னா சாதாரண சிப்பாய்க்கே அது கிடையாது. அவங்களுக்குப் போர்ட்டரும் சாராயமும். பேல் ஏல் பெரும்பாலும் துரைமார் மேசைக்கு. 1840கள்ல திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் வந்த பிறகு (இப்போ விவேகானந்தர் இல்லம்) அமெரிக்காவுல வெட்டின ஐஸ்ல குளிரவச்சுக் குடிச்சாங்க.

அப்புறம் காலம் மாறிச்சு. கசௌலி மாதிரி மலைக் குளிர்ல இங்கேயே காய்ச்ச ஆரம்பிச்சாங்க. ஐஸ் மெஷின் வந்துச்சு, லேசான லாகர் பீர் பரவிச்சு. 1915ல தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ப்ரூவரிகள் அஞ்சைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார். 'இந்தியா'ங்கிற பேரு உள்ள பீரை இந்தியா மறந்தே போச்சு. அதுக்கு மறுபடி உயிர் கொடுத்தது அமெரிக்காக்காரங்க. 1972ல காஸ்கேட்ங்கிற மணமான ஹாப்ஸ் ரகம் வெளிவந்துச்சு, 1978ல வீட்ல காய்ச்ச அனுமதிச்சுச் சட்டம் போட்டாங்க. வீட்ல காய்ச்சினவங்க பலர் பிற்பாடு சொந்தக் கடை போட்டாங்க. அங்கேருந்து சுத்தி பெங்களூருக்கு வந்ததைத்தான் எங்க பசங்க குடிச்சிருக்காங்க.

மதுரைக்காரர் இன்னமும் போன்ல சொல்லுவார், "தம்பி, ஒரு செட் அனுப்பறேன், தண்டலத்துல காய்ச்சு"ன்னு. முடியாது. 1937ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கோட சட்டம்தான் இன்னும் இங்க அடிப்படை. லைசென்ஸ் இல்லாம வீட்ல மது காய்ச்சினா குற்றம். கள்ளும் அப்படித்தான், 1987ல தடை வந்துச்சு. தாத்தா அதோட மரம் ஏறறதை விட்டார். கொஞ்ச வருஷம் கூலி வேலை, அப்புறம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி கேட்ல வாட்ச்மேன். பனையை எல்லாம் பிளாட்டுக்காக வெட்டிட்டாங்க. கேட்ல உட்கார்ந்துக்கிட்டு, "அந்த மரம் நிக்குது பாரு, அதுல கடைசியா நான்தான் ஏறினேன்"னு காட்டுவார். இப்போ அந்த மரமும் இல்ல, தாத்தாவும் இல்ல. மதுவிலக்கு வேணுமா வேணாமான்னு நான் வழக்காட வரல. குடியால அழிஞ்ச குடும்பங்களும் எங்க தெருவுல உண்டு. ஆனா சீமைச் சரக்குக் கடையில லைட்டு எரியறப்போ, மரம் ஏறினவர் மட்டும் குற்றவாளி ஆனது அவருக்குக் கடைசி வரைக்கும் புரியல. எனக்கும்தான்.

அதனால தம்பி, உன் கேள்விக்குப் பதில்: பார்லி நம்மது இல்ல, ஹாப்ஸ் நம்மது இல்ல, குடிச்சவனும் நாம இல்ல, லாபமும் நமக்கு இல்ல. அலையில துடுப்புப் போட்ட கையும் ரோட்டுல வண்டி ஓட்டின கையும் மட்டும் நம்மது. அந்தக் கைகளோட பேரு எந்த லேபிள்லயும் கிடையாது. அந்த அளவுக்கு அது நம்ம ஊர் பீருதான்.

டிஸ்கி: மேலே சொன்ன செய்முறை அந்த ஊர்ல பார்த்தது. இங்க யாரும் அண்டாவைத் தூக்காதீங்க, அப்புறம் நான் ஜாமீன் எடுக்க வரமாட்டேன் :-) மசூலாப் படகு பத்தியோ, பழைய பூந்தமல்லி கண்டோன்மெண்ட் பத்தியோ வீட்டுப் பெரியவங்க சொன்ன கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.