சாணக்கியன் பெயர் தாங்கிய வீதிகளில்

தில்லிவாழ் தமிழருள் பலருக்குச் சாணக்யபுரி என்பது பேருந்தின் சன்னல் வழியே பார்த்துச் செல்லும் ஓர் இடமே. வெளிநாடு செல்ல விசா வேண்டி வரிசையில் நின்றவர் உண்டு; ஊரிலிருந்து உறவினர் வந்தபோது, பல நாட்டுக் கொடிகளைக் காட்டுவதற்கென அவர்களைச் சாந்திபத் வழியே ஒருமுறை அழைத்துச் சென்றவர் உண்டு. அதற்குமேல் அவ்விடத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று வினவுவோரே மிகுதி. அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு, குளிர்கால ஞாயிறு ஒன்றில் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு அவ்வீதிகளைக் கால்நடையாகவே கண்டு வந்தோம்.

சர்தார் படேல் மார்க்கின் வடதலையில் ‘கியாரா மூர்த்தி’ நிற்கிறது. அண்ணல் காந்தியடிகள் கோலூன்றி முன்னே நடக்க, பதின்மர் அவரைப் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி அது. இதனை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் பிறந்தவராயினும், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1929 முதல் 1957 வரை வீற்றிருந்த அவரை நம்மவர் என்று கொள்வதில் பிழையில்லை. சென்னைக் கடற்கரையில் 1959 இல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரின் திரண்ட தோள்களை நினைவில் வைத்துக்கொண்டு இப்பதினொருவரைப் பார்ப்போர்க்கு, இரண்டும் ஒரே கையின் வேலை என்பது சொல்லாமலே விளங்கும். சென்னையை நேரில் கண்டிராத நம் பிள்ளைகளுக்குத்தான் அதைச் சொல்லி விளக்க வேண்டியதாயிற்று.

அருகிலுள்ள தீன் மூர்த்தியில் நெடுநேரம் நிற்கவில்லை. முதல் உலகப் போரில், 1918 செப்டம்பரில், ஹைபா நகர்ப்புறத்தே போரிட்ட சோத்பூர், ஐதராபாத், மைசூர்க் குதிரைப் படையினரின் நினைவாக எழுந்த சின்னம் அது. அங்கிருந்து கௌடில்ய மார்க்கை அடைந்தோம்.

இந்தியா விடுதலை பெற்றபின், அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென 1950களில் அமைக்கப்பெற்ற இப்பகுதிக்கு, மௌரிய சந்திரகுப்தனின் அமைச்சன் எனப்படும் சாணக்கியன் பெயரைச் சூட்டினர். கௌடில்யன் என்பதும் அவனைக் குறிப்பதாகவே மரபு. வீதிகளும் அப்பொருளுக்கு ஏற்றவாறே பெயர் பெற்றன: நீதி மார்க், நியாய மார்க், சத்திய மார்க், வினய மார்க், சந்திரகுப்த மார்க். பொருள் நூலின் ஆசிரியன் தன் பெயரால் அமைந்த ஊரில் சத்தியத்துக்கும் வினயத்துக்கும் ஒவ்வொரு தெருவைக் கண்டிருப்பின் புன்முறுவல் பூத்திருப்பான்.

இப்பெயருக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தில்லியில் அறிந்தோர் சிலரே. அர்த்தசாத்திரம் என்றொரு நூல் இருந்தது என்பதைப் பிற நூல்களின் குறிப்புகளால் மட்டுமே அறிஞர் நெடுங்காலம் அறிந்திருந்தனர். முழு நூல் கிடைக்கவில்லை. இந்நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஏட்டுச் சுவடி ஒன்றை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். அந்நூலகத்தைச் சார்ந்த ஆர். சாமசாத்திரி அது யாது என்று தெளிந்து, 1905 முதல் அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கினார். மூலநூல் 1909 இல் அச்சேறியது; முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1915 இல் வந்தது. பின்னர் அதனைத் தமிழாக்கிய பணியில் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார்க்குப் பெரும் பங்குண்டு. பாடலிபுத்திரத்து அமைச்சனுக்குரிய நூலைக் கரையானுக்கு இரையாகாமல் காத்தளித்தது காவிரிக் கரை. சுவடியைக் கொடுத்த பண்டிதரோ வரலாற்றில் தஞ்சைப் பண்டிதர் என்ற அளவிலேயே நிற்கிறார். தில்லியில் அவர்க்கு ஒரு தெருவும் இல்லை.

நூல் முழுதும் மௌரியர் காலத்தது அன்று, பிற்காலத்தே தொகுக்கப்பெற்றது என்போர் இன்று பலர். அது எவ்வாறாயினும், முத்து வகைகளைக் கூறுமிடத்து அந்நூல் பாண்டிய கவாடத்து முத்தையும் தாமிரபரணி முத்தையும் குறிக்கிறது. தாமிரபரணி என்றது நம் பொருநையையா, ஈழத்தையா என்று அறிஞர் வேறுபடுவர். கௌடில்ய மார்க்கில் நின்றுகொண்டு அவ்வாதத்தை எண்ணுவதில் ஒரு சுவை உண்டு. இவ்வீதியில் தமிழ்நாட்டு அரசின் இல்லத்துக்கும் இடமுண்டு. இலங்கைத் தூதரகத்துக்கும் இடமுண்டு.

அத்தூதரக வாயிலுக்கு எதிரே நாம் சற்று நின்றோம். காவலர் ஒருவர் ‘ஆகே சலியே’ என்று கை காட்டினார்; நகர்ந்தோம். எனினும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நகர இயலவில்லை. இலங்கை 1948 இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று புதுதில்லியில் லால் பகதூர் சாத்திரியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை அளிப்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. அவ்வெஞ்சியோரை 1974 இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அம்மக்களில் ஒருவரேனும் அம்மேசையருகே அமர்ந்திருக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே நீலகிரித் தேயிலைக் காடுகளுக்குச் சென்றவர் பலர். பாட்டன் காலத்து ஊர் எதுவென்றே அறியாதவர்க்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டனர். அங்கேயே எஞ்சியிருந்தோரின் குறை தீர இலங்கையில் 2003 இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது.

மேலும் நடந்தால் மால்சா மார்க். மற்றைய தெருக்களின் பெயர்கள் நூல்களிலிருந்து எடுக்கப்பெற்றவை. இஃது ஒன்றே மண்ணின் பெயர். 1911 டிசம்பர் 12 அன்று தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வந்ததும், 1894 ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்படி ரைசினா, மால்சா முதலிய சிற்றூர்களின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மால்சா உழவர் குடும்பங்களிற் பல இன்றைய அரியானாவின் சோனிபட் பக்கம் குடியேறின. ஊர் போனபின்னும் அவர்கள் பெயரை விடவில்லை. குடியேறிய இடத்தையும் மால்சா என்றே வழங்கினர். இழப்பீடு குறித்து அவர்தம் வழித்தோன்றல்கள் நூறாண்டு கடந்தும் நீதிமன்றப் படியேறினர். இங்குள்ள மால்சாவில் எஞ்சியது ஒரு சாலைப் பலகையும், காட்டுக்குள் பிரோசு துக்ளக் காலத்து வேட்டை மாளிகையின் இடிபாடுமே.

சாந்திபத்தின் கட்டடங்களைப் பற்றி எழுதப் புகின் இம்மலர் போதாது. அமெரிக்கத் தூதரகம் எட்வர்ட் ஸ்டோன் வகுத்து 1959 இல் திறக்கப்பெற்றது. நம் நாட்டுச் சல்லடைச் சுவரையும் நீர்நிலையையும் அவர் தம்வழியில் கையாண்டார். பெல்சியத் தூதரகத்தை வகுத்த சதீசு குசரால் கட்டடக் கலை பயின்றவரல்லர். ஓவியர், இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். செங்கல்லால் எழுந்த அக்கட்டடம் நம் கண்ணுக்கு இவ்வட்டாரத்திலேயே சிறந்தது. பின்லாந்துத் தூதரகத்திற்கான போட்டி 1963 இல் நடந்து, கட்டடம் முற்றுப்பெற இருபதாண்டுக்கு மேலாயிற்று. அதன் கூரையைப் பனி போர்த்த மலைபோல் வகுத்தனராம். தில்லியின் சூன் மாத வெயிலில் அதைப் பார்ப்போர் என்ன நினைப்பரோ! பஞ்சசீல மார்க் என்ற பெயரோ 1954 ஒப்பந்தத்தை நினைவூட்டுவது. அதன் எட்டாம் ஆண்டில் சீனப் போர் மூண்டது. பெயரை யாரும் மாற்றவில்லை. மாற்றாதது நன்றே என்பது நம் கருத்து.

தெற்கே, 1977 இல் திறக்கப்பெற்ற இரயில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் பொம்மை வண்டியேறினர். அதுவே அவர்கள் அன்று பெரிதும் மகிழ்ந்த இடம் என்பதை மறைப்பானேன்? பின்னர் வட்டச் சாலையைக் கடந்தால் இராமகிருஷ்ணபுரம்: தமிழ்ச் சங்கமும், 1973 இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரும், நடுவணரசு ஊழியராய் வந்த நம்மவர் பல்லாண்டு வாழ்ந்த குடியிருப்புகளும் அங்கேதான்.

வீடு திரும்பும் வழியில், மால்சா மக்களைப் பற்றி நாம் சொன்னதைக் கேட்டிருந்த சிறுமி ஒருத்தி, “நம்ம வீடு இருக்கற இடத்துல முன்னாடி யாரு இருந்தா?” என்று கேட்டாள். முனிர்க்கா, முகமதுபூர் ஆகிய சிற்றூர்களின் உழவர்தம் விளைநிலங்கள் சூழ்ந்த பகுதியில் எழுந்த குடியிருப்பே இது. முகமதுபூர் இன்றும் செக்டர்களுக்கு நடுவே குறுகிய சந்துகளோடு இருக்கிறது. அங்கே காய்கறி வாங்கியிருக்கிறோம்; வாடகைக்கு அறை தேடியிருக்கிறோம். அவ்வூர்ப் பெரியவர் எவரிடமும் இக்கேள்வியை நாம் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு அங்கே போவதென்று அவளிடம் சொல்லியிருக்கிறோம்.