நெடுநாள் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கோளாறுகள்

வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளை மறுபடி எடுக்கும்போது தலைகாட்டும் பழுதுகள் இவை. ஸ்டார்ட் ஆகாமை, ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலிங்கில் நிற்காமை, ஓட்டத்தில் மிஸ்ஸிங், கிக்கர் இறங்காமை ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் முடிந்ததும் இவை வரும். திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்குப் பிறகும், வண்டிக்காரர் வெளிநாடு போய்த் திரும்பிய பிறகும் வரும். பெரும்பாலும் தேய்மானம் இதற்குக் காரணமாக இருப்பதில்லை. நின்றுபோன பெட்ரோல், ஈரம், சார்ஜ் இறங்கிய பேட்டரி இவை மூன்றுமே காரணம். ஆகவே புதுப் பாகம் வாங்கும் முன் வடித்து, துடைத்து, உலர்த்திப் பார்ப்பதே சரியான வரிசை.

இடமும் பருவமும்

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஸ்ரீவராகம், திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதிக்கு அருகே லட்சுமி வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சூழ்ந்த பழைய குடியிருப்பு. அரபிக் கடல் சில கிலோமீட்டர் தொலைவில்தான். ஜனவரி இரவிலும் இங்கு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரால் எஞ்சினுக்குக் கேடு இல்லை. ஆனால் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்நகரில் பெய்கின்றன. ஆண்டு மழையளவு சுமார் 1,800 மி.மீ. காற்றில் எப்போதும் ஈரம். அதோடு கடலின் உப்பு.

வண்டிகள் நெடுநாள் நிற்பதற்கு இங்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் 2018 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவர் சுமார் 21 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவில். விடுமுறைக்கு வந்தவர் ஓட்டிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்திப் போகும் பைக், அடுத்த விடுமுறை வரை அசையாமல் நிற்கும்.

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய கொரோனா ஊரடங்கு இதே நிலையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. புகை மாசைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி அந்த ஏப்ரல் 1 முதல்தான் வந்ததால், அப்போது வீட்டில் முடங்கிய பைக்குகளில் பெரும்பான்மை கார்ப்பரேட்டர் வண்டிகளே. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை எஃப்.ஐ. எனப்படும் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு கொண்டவை. நின்றால் இரண்டுமே கெடும்; கெடும் விதம்தான் வேறு.

பெட்ரோல் கெடும் விதம்

பெட்ரோல் பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதிதான் எஞ்சின் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆக உதவுகிறது. நின்ற வண்டியில் முதலில் பறந்துபோவதும் அதுவே. மிஞ்சும் கனத்த பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. மூடிய டேங்கில் இது நடக்க மாதங்கள் ஆகலாம். கார்ப்பரேட்டரின் சிறு கிண்ணத்தில் சில வாரமே போதும். கெட்ட பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும்: சுரீரென்ற வாசனை போய், பழைய வார்னிஷ் போன்ற புளித்த நெடி வரும்.

எத்தனால் கலப்பு இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. இந்தியாவில் 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது; 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். ஓரளவு வரை இதனால் தீங்கில்லை. நீர் அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எரிபொருள் போகும் வழியும் அடியில் இருப்பதால் எஞ்சினுக்கு முதலில் போவது அந்த நீர்க்கலவையே. மழையில் நிற்கும் வண்டியில், டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாயில் தூசி அடைத்துக்கொண்டால் மழைநீர் நேராக டேங்குக்குள் இறங்கும். இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

கார்ப்பரேட்டரும் எஃப்.ஐ.யும்

கார்ப்பரேட்டரில் முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட். பித்தளையால் ஆன இந்தச் சிறு பாகத்தின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அடைத்த ஜெட்டில் தெரியாது. ஐடிலிங்குக்கான பெட்ரோல் இந்தத் துளை வழியாகத்தான் போகிறது. அதனால்தான் நின்ற வண்டி சோக் போட்டால் ஓடும், சோக்கைத் தள்ளினால் அணையும். மிதவை ஊசி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வராமல் போகும், அல்லது வழிந்து கொட்டும். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் அளவே மாறிவிடும். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவிட்டுக் காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை.

எஃப்.ஐ. வண்டியில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் பிசினிலும் துருவிலும் இறுகிப்போகும். இன்ஜெக்டரின் நுண்துளைகள் அடையும். சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், பேட்டரி, பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

பேட்டரி

ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இழக்கும். வெப்ப ஊரில் இன்னும் வேகமாக. கடிகாரம், அலாரம் போன்றவை சாவி எடுத்த பிறகும் சிறிது உறிஞ்சும். 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் அளவில் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்ய வேண்டும். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு சார்ஜ் ஏறாது. பழைய பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ததுபோல, பேட்டரி முற்றிலும் செத்த எஃப்.ஐ. வண்டியைச் செய்வது கடினம். பம்ப்புக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் இல்லாமல் பெட்ரோலே வராது.

சிலிண்டரும் ஆயிலும்

எஞ்சின் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு வால்வு திறந்த நிலையில் இருக்கலாம். அதன் வழியே ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகும். சுவரில் இருந்த ஆயில் படலம் வடிந்த பிறகு இரும்பில் துரு பூக்கும், ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். கிக்கர் இறங்காத வண்டியின் கதை பெரும்பாலும் இதுதான். பலம் கொண்டு மிதிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிச் சிறிதளவு ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டால் பல எஞ்சின்கள் தாமாகவே இளகும்.

பழைய புல்லட்டுக்கென்று தனிக் கோளாறுகள் உண்டு. அதன் இரும்பு எஞ்சினில், நெடுநாள் நிற்கும்போது ஆயில் தன் அறையிலிருந்து மெதுவாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் புகை மண்டும். மூச்சுக்குழாய் வழியே ஆயில் பீச்சும். அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் சரியாகும். புல்லட்டின் பாயிண்டில் படியும் படலத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தெடுத்தால்தான் தீப்பொறி வரும். ஆர்எக்ஸ்100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து, காற்று உள்ளே புகுந்து எஞ்சின் சூடேறும்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டுவதும், வயரைக் கடிப்பதும், சைலன்சர் வாயில் குளவி மண் அடைப்பதும் அடிக்கடி நடப்பவை. இவற்றைப் பார்க்காமல் கார்ப்பரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

மறுபடி எடுக்கும் முறை

முதலில் ஏர் ஃபில்டர், சைலன்சர், வயர்களைப் பார்க்க வேண்டும். அடுத்து பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால், நீர் பிரிந்திருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெரியும். டேங்கையும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்து, பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகே ஸ்டார்ட். எஞ்சின் சூடானதும் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. தெருவில் இறங்கும் முன் பிரேக்கையும் டயர் காற்றையும் சோதிக்காமல் இருக்கவே கூடாது.

வெள்ளநீர் எஞ்சின் மட்டத்துக்கு ஏறிய வண்டிக்கு இம்முறை பொருந்தாது. அதை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நீர் அழுந்தாது, சிலிண்டரில் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே முயல வேண்டும்.

முன்னேற்பாடு

டொராண்டோ போன்ற ஊர்களில் வாழும் தமிழர் நவம்பர் வாக்கில் பைக்கை உள்ளே வைத்து ஏப்ரலில் எடுப்பார்கள். டேங்கை நிரப்பி எரிபொருள் நிலைப்படுத்தி சேர்ப்பது, பேட்டரியைக் கழற்றி மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவியில் மாட்டுவது, ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துவது ஆகிய மூன்றும் அங்கே வழக்கம். இங்கும் இதே மூன்றும் செல்லும். கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிக் கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டால் பாதிக் கோளாறு வராது. உறை போடுவதானால் காற்றோட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும்.

வீட்டிலிருப்பவர்கள் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பரவலான பழக்கம். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கெடுதலே அதிகம். எரியும் பெட்ரோலிலிருந்து பிறக்கும் நீராவி, எஞ்சின் முழுதாகச் சூடேறாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து ஆயிலில் கலக்கும். ஸ்டார்ட்டர் எடுத்த சார்ஜும் திரும்ப ஏறாது. அதைவிட, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்வதே வண்டிக்கு நல்லது.